நம்பர் எடுக்காத வண்டி

2003ஆம் ஆண்டு ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, காலை மணி 10.25. வாசல் சிமெண்டில் கால் வைக்க முடியாத வெயில். காற்று அறவே இல்லை. மலைக்கு மேலே ஒரே ஒரு துண்டு மேகம், மழைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல நின்றிருந்தது. அந்த நேரத்தில் என் தங்கை எங்கள் கூடத்தில் நின்று, இரண்டு கையாலும் ஒரு தாம்பாளத்தை என் முன்னால் நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, இரண்டு சீப்பு வாழைப்பழம், ஒரு தேங்காய், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகை.

நான் கையை நீட்டவில்லை.

“டேபிள் மேல வெச்சிடும்மா,” என்றேன்.

அவளுடைய ஒரே மகளின் பையனுக்கு ஆனி மாதம் பதினோரு மாதம் முடிகிறது. எங்கள் ஊரான திருத்தணியிலேயே முருகனுக்கு முதல் முடி கொடுத்துக் காதும் குத்த வேண்டும். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் இரண்டும் நடக்கும். தங்கை மகளுக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஆகவே அவளுக்கு மாமனான நான்தான் அவள் பிள்ளைக்கும் மாமன் முறை செய்ய வேண்டும். அதற்கான அழைப்பு அந்தத் தட்டு. கையால் வாங்கினால் சம்மதம். கீழே வைக்கச் சொன்னால், எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எனக்கும் அது தெரியும்.

“இன்னாண்ணா, தட்ட நீட்டிகினு எவ்ளோ நேரம் நிக்கிறது?”

“அதான் டேபிள்ல வைன்னு சொல்றனே.”

“டேபிளா எம் பேரனுக்கு மாமன்? மொட்ட போடற அன்னிக்கி டேபிள் மேலயே ஒக்கார வெச்சிடலாமா?”

என் மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து தட்டை வாங்கினாள். தங்கைக்கு அதில் திருப்தியில்லை.

“நீ வாங்கினா ஆச்சா அண்ணி? ஒன் மடியா கேட்டேன்? மாமன் வரிசைக்கே ஆளில்லாத வீட்ல பொண்ணு எடுத்தோம்னு சம்பந்தி வீட்டு பள்ளிப்பட்டுக்காரங்க இப்பவே பேசிகினு இருக்காங்க. இவரும் இல்லன்னா, அவங்க பக்கத்துல இருந்து எவனையாச்சும் கூட்டிகினு வந்து ஒக்கார வெப்பாங்க. எம் பொண்ணு ஓரமா நின்னு பாத்துகினு இருக்கணும்.” செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “வெத்தல வாடறதுக்குள்ள ஒரு பதில் சொல்லி அனுப்பு.” தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

எனக்கு அந்தக் குழந்தை மேலோ தங்கை மேலோ வருத்தம் எதுவும் இல்லை. என் கை மேல்தான் நம்பிக்கை இல்லை. மூன்று வருடங்களுக்கு முன்னால் அதே தங்கை மகளின் கல்யாணத்தில், தாலி வைத்த தட்டைச் சபையில் எல்லாரும் தொட்டு ஆசீர்வதிப்பதற்காக எடுத்துப்போன பெருமை என்னுடையது. ஏழாவது வரிசையில் அது கை நழுவியது. அட்சதை எங்கும் சிதறியது. தாலி சுற்றிய தேங்காய் நாற்காலிகளுக்கு அடியில் உருண்டு, வீடியோ எடுப்பவர் காலில் முட்டி நின்றது. அவர் அதையும் விடாமல் படம் பிடித்தார். தேங்காயை எடுத்துத் துடைத்து, முகூர்த்தமும் தவறாமல் தாலி கட்டியாயிற்று. இன்றுவரை புருஷனும் பெண்டாட்டியும் குறையில்லாமல் இருக்கிறார்கள். ஆனால் பெண்கள் கூட்டத்திலிருந்து, “மாமனுக்குக் கையே நிக்கல பாரு,” என்று வந்த குரல் மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்றிலிருந்து, நாலு பேர் இருக்கும் இடத்தில் எதையாவது எடுக்கப் போனால் உள்ளே ஒன்று சொல்லும்: ‘கை விட்டுடும்.’ காபியை அரை டம்ளராகக் குடிக்க ஆரம்பித்தேன். பந்தியில் பரிமாறுவதை நிறுத்தினேன். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைத் தூரத்திலிருந்தே கொஞ்சினேன். தங்கை பேரனைப் பதினோரு முறை பார்த்திருக்கிறேன், ஒரு முறைகூடத் தூக்கியதில்லை.

தட்டு வந்த வாரத்திலேயே அரக்கோணத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனேன். சுத்தியலால் முட்டியைத் தட்டினார், விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். “நரம்பு நல்லா இருக்கு பெரியவரே. பயம்தான்,” என்று சொல்லி, வியாழக்கிழமைதோறும் சென்னையிலிருந்து அங்கே வரும் மனநல ஆலோசகரிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். போனால் தங்கை மகள் வயதில் ஒரு பெண். மேசையில் தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரு தடவைக்கு நூற்றைம்பது ரூபாய் என்று வெளியே எழுதியிருந்தது.

“இந்த எண்ணத்த எப்படிம்மா வெளிய அனுப்பறது?” என்று கேட்டேன்.

“அனுப்ப வேண்டாம் சார்.”

“அதுக்கு நூத்தம்பது ரூபாயா?”

அவர் சிரித்தார். “மூணு வருஷமா விரட்டிப் பாத்தீங்களே, போச்சா?”

“இல்ல.”

“கையில எதையும் எடுக்காமயே இருந்து பாத்தீங்களே, அப்பவாவது?”

யோசித்துப் பார்த்தால், முதல் வருடம் தட்டு தாம்பாளத்துக்கு மட்டும் வந்த எண்ணம், இப்போது காபி டம்ளருக்கே வருகிறது. அதைச் சொன்னேன்.

“அப்போ சண்டைய நிறுத்திப் பாப்போம். அது வரட்டும், இருக்கட்டும், அதுபாட்டுக்குப் போகட்டும். நீங்க செய்ய வேண்டியத நீங்க செய்யுங்க,” என்றார். பிறகு ஒரு பயிற்சி சொன்னார். கண்ணை மூடி, ஓர் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். வருகிற ஒவ்வோர் எண்ணத்தையும் ஓர் இலைமேல் வைத்துத் தண்ணீரில் விட வேண்டும். அது மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

“எங்க ஊர் ஆத்துல தண்ணி ஏதும்மா? இலைய விட்டா அங்கியே கெடக்கும். ஆடு வந்து தின்னாத்தான் உண்டு.”

“சரி, ஒங்க கண்ணு முன்னால தினமும் கடந்து போறது எது?”

“கூட்ஸ் வண்டி.”

“ரொம்ப நல்லது. பிளாட்பாரத்துல நில்லுங்க. ஒவ்வொரு வேகன்லயும் ஒரு எண்ணம். ஏற வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். போறதப் பாத்துகிட்டு நில்லுங்க.”

நான் என்ன வேலை பார்த்தவன் என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அரக்கோணம் யார்டில் முப்பத்தொரு வருடம் நம்பர் டேக்கராக இருந்தவன் நான். கூட்ஸ் வண்டி வந்தால், அதன் நீளத்துக்கும் நடந்து ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டிலும் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்வதுதான் அந்த உத்தியோகம். ஓடுகிற வண்டியிலும் எடுப்போம். ஒரு வேகன் விட்டுப்போனால் மறுநாள் விளக்கம் எழுத வேண்டும். நான் எழுதியதே இல்லை.

அந்த வாரம் தினமும் சாயங்காலம் திருத்தணி ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்கார்ந்து, கண்ணை மூடி, இருபது நிமிடம் பயிற்சி செய்தேன். அடுத்த வியாழக்கிழமை நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பித்தேன்.

“நேத்து மட்டும் மொத்தம் அறுபத்தொரு எண்ணம்மா. ‘கை விட்டுடும்’ இருபத்தி நாலு. ‘எல்லாரும் பாப்பாங்க’ பதினேழு. ‘கொழந்தைக்கு அடிபடும்’ பதினொண்ணு. சில்லறை ஒம்பது. ஒண்ணுகூட விடல.”

அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “ஒண்ணுகூட விடலியா?”

“ஒண்ணுகூட.”

“சார், விடறதுதானே பயிற்சி!”

அப்போதுதான் உத்தியோகத்தைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் வெளியே காத்திருந்த அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: வண்டி போகட்டும், நம்பர் மட்டும் எடுக்காதீர்கள். கேட்பதற்கு எளிதாக இருந்தது. உண்மையில் என்னை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லியிருந்தால் சுலபமாகச் செய்திருப்பேன்.

இன்னொன்றும் கற்றுக்கொடுத்தார். எண்ணம் வரும்போது அதை நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். ‘கை விட்டுடும்னு ஒரு எண்ணம் வருது’ என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். கனமாக இருந்தால் ஏதாவது வேடிக்கையான குரலில் சொல்லிப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்த வேடிக்கைக் குரல் ஒன்றுதான். மறுநாள் காலை குளியலறையில் வாளியைத் தூக்கும்போது எண்ணம் வந்தது. ஸ்டேஷன் ஒலிபெருக்கியில் கேட்பது போலவே, மூக்கால் நிதானமாக அறிவித்தேன்:

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. ‘கை விட்டுடும்’ என்னும் எண்ணம், இன்னும் சற்று நேரத்தில், முதலாவது நடைமேடைக்கு வந்து சேரும்.”

வெளியிலிருந்து மனைவியின் குரல்: “ஏங்க, யாரு உள்ள?”

“நான்தான்.”

“இன்னா வண்டி வருது?”

“பழைய வண்டிதான்.”

“லேட்டா?”

“எந்தக் காலத்துல அது லேட்டா வந்துச்சு?”

அதன்பிறகு அவளுக்கும் இது பழகிவிட்டது. நான் எதையாவது எடுக்கத் தயங்கி நின்றால், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “இன்னாங்க, சிக்னல் போட்டாச்சா?” என்பாள். காபியும் முழு டம்ளராக வர ஆரம்பித்தது. முதல் நாள் சட்டையில் கொட்டியது. இரண்டாம் நாளும் கொட்டியது. மூன்றாம் நாள் கொட்டவில்லை என்று எழுதத்தான் ஆசை, அன்றும் கொட்டியது. ஆனால் அன்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எதைத் தவிர்க்கிறோமோ அதைச் சிறிது சிறிதாகச் செய்து பாருங்கள் என்று ஆலோசகர் சொன்னபோது, குழந்தையின் எடையைத் தங்கை வீட்டில் விசாரிக்க முடியாத நிலை. பதினோரு மாதம் என்றால் ஒன்பது கிலோ இருக்கும் என்று நானே கணித்து, மார்க்கெட்டில் ஒன்பது கிலோவுக்கு ஒரு பூசணிக்காய் வாங்கிவந்தேன். சம்மணமிட்டு உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டு காலை ஏழரையிலிருந்து எட்டு வரை பயிற்சி.

மனைவி வந்து பார்த்தாள். “இதுக்கு ஏற்கெனவே மொட்டதாங்க. காது வேணா குத்தலாம்.”

“கேலி பண்ணாத. ஆடாம ஒக்கார முடியுதான்னு பாக்கிறேன்.”

“அது ஆடாது. அந்தப் பையன் ஆடுவான். அதுக்கு இன்னா பண்ணுவீங்க?”

பூசணிக்காய் பதினெட்டு நாள் மடியில் உட்கார்ந்தது. நல்ல குழந்தை.

தட்டு வந்த பிறகு நான்காவது முறையாக அரக்கோணம் போய் வந்த வியாழக்கிழமை, இதற்குமேல் தள்ளக்கூடாது என்று தோன்றியது. தங்கை வைத்துவிட்டுப் போன வெற்றிலை எப்போதோ வாடிப் பழுப்பாகிவிட்டது. மறுநாள் காலை அதே தாம்பாளத்தைக் கழுவி, புது வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், அதே பத்திரிகை எல்லாம் வைத்து, அதை நானே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் அவள் வீட்டுக்கு நடந்தேன். கடைக்காரர்கள் பார்த்தார்கள். ‘எல்லாரும் பாக்கறாங்க’ வண்டி முழு வேகத்தில் வந்தது. மனசுக்குள் அறிவிப்புக் கொடுத்துக்கொண்டே நடந்தேன்.

தங்கை கதவைத் திறந்தாள். தட்டைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. “திருப்பிக் குடுக்க வந்தியா?”

“வாங்கிக்க வந்தேன். இத புடி. அன்னிக்கி மாதிரி நீட்டு.”

ஒன்றும் புரியாமல் வாங்கினாள். என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாக நீட்டினாள். வாங்கினேன். கை நடுங்கியது, அதில் சந்தேகமே இல்லை. ஒரு வாழைப்பழம் காம்பு விட்டு என் காலில் விழுந்தது. மூன்று வருடமாக நான் பயந்தது ஒருவழியாக நடந்தேவிட்டது. தங்கை குனிந்து அதை எடுத்து, உரித்து, பாதியை என் வாயில் திணித்தாள்.

“இதுக்கா அன்னிக்கி கைய நீட்டல?” என்றாள். மீதிப் பாதியைத் தான் தின்றுகொண்டே, “கல்யாணத்துல விழுந்துதே, அதயா இன்னும் வெச்சிகினு இருக்க? அந்த வீடியோவப் போட்டு இன்னிக்கும் அவங்க வீட்ல சிரிக்கிறாங்கண்ணா. மாப்ளயோட அம்மாவே ‘அந்த தேங்கா எடத்தப் போடு, அந்த தேங்கா எடத்தப் போடு’ன்னு கேட்டுப் பாக்குது,” என்றாள்.

கடைசி வியாழக்கிழமை, விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஆலோசகரிடம் புகார் சொன்னேன். “எல்லாம் செஞ்சிட்டேம்மா. ஆனா அது இன்னும் வருது.”

“வரும் சார். அன்னிக்கி நிச்சயமா வரும். விழாவுக்கு மொத்தம் எத்தன பேர்?”

“நாப்பத்தி ரெண்டு.”

“அப்போ நாப்பத்தி மூணு. அதுக்கும் ஒரு நாற்காலி போட்டுடுங்க.”

ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் மொட்டை போடும் இடத்தில் காலை ஏழு மணிக்கே கூட்டம். ஆந்திராவிலிருந்து வந்த குடும்பங்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். நான் புது வேட்டி கட்டிக் கிழக்கே பார்த்து உட்கார்ந்தேன். தங்கை மகள் பிள்ளையைக் கொண்டுவந்து நின்றாள். அவள் பின்னால் பள்ளிப்பட்டுக்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

“மாமா, புடிச்சிக்கோங்க. தூங்கி எழுந்ததுலருந்து ஒரே ஆட்டம்,” என்றாள். குரல் தாழ்த்தி, “ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிடுங்க மாமா. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்,” என்றாள். அவள் கண்ணைப் பார்த்தால் நிச்சயம் நினைத்துக்கொள்வாள் என்று தெரிந்தது.

“குடும்மா,” என்றேன்.

பிள்ளை மடிக்கு வந்தான். பூசணிக்காய்க்கும் அவனுக்கும் எடை ஒன்றைத் தவிர வேறெந்த ஒற்றுமையும் இல்லை. முதல் வினாடியிலேயே என் கண்ணாடியைப் பிடுங்கினான். நாற்பத்து மூன்றாவது விருந்தாளியும் வந்து சேர்ந்தார்: ‘கை விட்டுடும். கத்தி படும். எல்லாரும் பாப்பாங்க.’ வாங்க, உட்காருங்க என்றேன். அவர் உட்கார்ந்தார். போகவில்லை.

முடி எடுப்பவர் தலையைத் தண்ணீரால் நனைத்துவிட்டுக் கத்தியோடு நிமிர்ந்தார்.

“எங் கை கொஞ்சம் ஆடும்பா. பாத்துப் பண்ணு,” என்றேன்.

“நைனா, நீ ஆடறது எனக்குத் தெரியவே இல்ல. இந்தாளு ஆடறான் பாரு, ரெக்கார்டு டான்ஸ்! தாடைய மட்டும் புடி.”

பிடித்தேன். ஒரு கை தாடையில், ஒரு கை வயிற்றில். பிள்ளை வீரிட்டு அலறினான், முறுக்கினான், எம்பினான். அந்த நேரத்தில் லைன் பக்கத்திலிருந்து நீளமாக ஹாரன் கேட்டது. கூட்ஸ் வண்டி. சத்தத்திலிருந்தே சொல்லிவிடுவேன், நிறைந்த சுமையோடு போகிற நீளமான வண்டி. வழக்கப்படி வலது கை பென்சில் தேடிச் சட்டைப் பைக்குப் போகப் பார்த்தது. போக முடியவில்லை. அதில் ஒரு தாடை இருந்தது. தடக் தடக்கென்று வண்டி போய்க்கொண்டே இருந்தது, முடி கொத்துக் கொத்தாக விழுந்துகொண்டே இருந்தது, உள்ளே எண்ணங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எத்தனை வேகன், எத்தனை எண்ணம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அப்போது மடியில் திடீரென்று வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. புது வேட்டி, தொடை, பலகை எல்லாம் நனைந்தன. அழுகையை நிறுத்திவிட்டு, பிள்ளை நிம்மதியாக என்னைப் பார்த்தான்.

மூன்று வருடமாக, நடக்கக்கூடிய அத்தனை விபரீதத்தையும் ராப்பகலாக முன்கூட்டியே சொல்லிவந்த மனசு, இதை மட்டும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. என் வயிறு குலுங்கக் குலுங்க அவனும் குலுங்கினான். முடி எடுப்பவர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஆங்... நைனா! இப்பத்தான் நீ ஆடற! சிரிச்சி முடி, அப்புறம் எடுக்கிறேன்,” என்றார். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “மாமனுக்குத் தீர்த்தம் குடுத்துட்டான்,” என்றார். தங்கை மகள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பொய்கையில் குளிப்பாட்டி, சந்தனம் பூசி, அதே மடியில் காதும் குத்தியாயிற்று. அதற்கு அவன் அழுத அழுகை மலைக்கே கேட்டிருக்கும். முடிந்ததும் தங்கை கையை நீட்டினாள், அவன் போகவில்லை. மேலே கோயிலுக்கு வேனில் போகும்போதும் என் மடியில்தான் உட்கார்ந்து, என் கண்ணாடியின் ஒரு காதை வளைத்துக்கொண்டிருந்தான். நாற்பத்து மூன்றாவது ஆசாமியும் அதே வேனில்தான் வந்தார். இப்போதும் வருவார், பந்தியில் பாயசத் தூக்கை எடுத்தால் தவறாமல் வருவார். தூக்கை நான் கீழே வைப்பதில்லை.

சாயங்காலம் வீட்டில் கணக்கு எழுத உட்கார்ந்தேன். காதுக்குத் தங்கத் தோடு, வெள்ளி அரைஞாண், பிள்ளைக்குச் சட்டை, தங்கை மகளுக்கு அம்மையார்குப்பத்தில் எடுத்த சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, மாலை, பழம், முடி எடுத்தவருக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து மூவாயிரத்துத் தொண்ணூறு. ஆலோசகருக்கு ஆறு தடவைக்குத் தொள்ளாயிரம். ரயிலுக்குப் போக வர அறுபது. பூசணிக்காய் முப்பத்தைந்து என்று எழுதும்போது மனைவி எட்டிப் பார்த்து, “அத அடிங்க. சாம்பார் வெச்சி நாலு நாள் தின்னாச்சு, அது வீட்டுச் செலவு,” என்றாள். அடித்தேன். கூட்டினேன். கூட்டி முடித்ததும், ‘ஏதோ ஒண்ணு விட்டுப்போச்சு, மறுபடி கூட்டு’ என்று முதலாவது நடைமேடையில் ஒரு வண்டி வந்து நின்றது. வழக்கமாக மூன்று தடவை கூட்டுகிறவன் நான். அன்று பேனாவை மூடி வைத்துவிட்டு, முழு டம்ளர் காபியை எடுத்துக்கொண்டேன். ஒரே தடவை கூட்டியதில் வந்த தொகை: நான்காயிரத்து ஐம்பது ரூபாய்.